பிடரியில் ஐந்து விரல்கள்

“துப்பறியறதுக்குத் தண்ணி நிறைய செலவாகுமா?”

மாடி அறையை வாடகைக்குக் கேட்கப் போன அன்று கட்டடத்துக்காரர் அண்ணியிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். போலீஸ் வந்து போகுமா என்று அவர் கேட்கவில்லை. கொலைகாரர்கள் படியேறி வருவார்களா என்றும் கேட்கவில்லை. கீழே இருந்த சலவைக்கடை ஏற்கெனவே தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தது. அவர் கவலை அவருக்கு. “செருப்புதான் செலவாகும்,” என்றாள் அண்ணி. அறை கிடைத்தது.

அண்ணி என்பது அவள் பெயரில்லை. அவள் கணவனின் தம்பி அவளுக்கு உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி வாய்க்கு வாய் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டான். கடைசியில் அவளைவிட மூத்த தபால்காரர்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கொழுந்தனுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. ரேடியோ. நிறுத்துகிற குமிழ் மட்டும் கழன்றுபோன ரேடியோ.

அன்று காலையில் ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்து பிடரியைப் பரட்பரட்டென்று சொறிந்துகொண்டிருந்தான்.

“குளிச்சியா?” என்றாள் அண்ணி.

“குளிச்சேன் அண்ணி. குளிச்சதுக்கு அத்தாட்சி வேணுமா?”

“வேண்டாம். சொறியறதைக் கொஞ்சம் நிறுத்து. படியில ஆள் வர்ற சத்தம் கேட்குது. பெண்பிள்ளை. அவசரமா ஏறி வந்து பாதியில நின்னு, திரும்பிப் போயிடலாமான்னு யோசிக்கறாங்க.”

ரேடியோ வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளே வந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளை மேலங்கியைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். விரல் நுனிகளில் அழியாத மஞ்சள். அழுது முடித்து முகம் கழுவிய கண்கள்.

“நான் தைலக் கூடத்துல கெமிஸ்ட்,” என்றாள். “நாளைக்கும் கெமிஸ்டா இருப்பேனான்னு தெரியலை.”

அண்ணி நாற்காலியைக் காட்டினாள். ரேடியோ எழுந்து கொடுத்த நாற்காலி அது. சூடாக இருந்தது. பெண் கவனிக்காமல் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். தைலக் கூடத்தின் பேர்போன சரக்கு மஞ்சள் தைலம். குப்பைமேனி இலைச் சாறு, வேப்பெண்ணெய், மஞ்சள். சொறி, சிரங்கு, அரிப்பு எல்லாவற்றுக்கும் அது. அதை வாங்கிய மூன்று பேருக்குக் கழுத்தில் தோல் வெந்து, கொப்புளம் கிளம்பி, கடைசியில் கறுத்துப் போய்விட்டது. ஒரு ட்ராஃபிக் போலீஸ்காரர், ஒரு கொத்தனார், ஒரு சைக்கிள் கடைக்காரர். மூவரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“அந்தத் தைலம் சுடுமா?” என்றாள் அண்ணி.

“இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் சுட்டதில்லை. ஆனா எங்க அலமாரியில சுடற பொருள் ஒண்ணு இருக்கு. கார்போகரிசி எண்ணெய்.”

“பேரைக் கேட்டா சாப்பிடற அரிசி மாதிரி இருக்கே,” என்றான் ரேடியோ.

“சாப்பிட்டுடாதீங்க. அது ஒரு செடியோட விதை. தோல்ல வெண்புள்ளி வர்றவங்களுக்குக் கொடுக்கறது. அதுக்குள்ள சோராலென்னு ஒரு சேர்மம் இருக்கு. இருட்டுல அது ரொம்பச் சாது. தடவிக்கிட்டு வெயில்ல போனா முழிச்சுக்கும். கொஞ்சமா தடவி, கொஞ்ச நேரம் இளவெயில் காட்டினா, தூங்கிட்டு இருக்கற நிறத்தைத் தட்டி எழுப்பும். அளவு மீறினா தோலையே வேக வச்சுடும். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொப்புளம் வரும்.”

“எங்க அண்ணன் மாதிரி,” என்றான் ரேடியோ. “இன்னைக்கு ஜோக் சொன்னா நாளன்னைக்குத்தான் சிரிப்பாரு.”

அந்த அண்ணனின் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ கொஞ்ச நேரத்துக்கு ஒலிபரப்பை நிறுத்தினான்.

கெமிஸ்ட் தொடர்ந்தாள். “நேத்து எங்க மேனேஜர் எல்லார் முன்னாலயும் அலமாரியைத் திறக்கச் சொன்னார். கார்போகரிசி எண்ணெய் பாதி ஜாடி குறைஞ்சிருக்கு. நான் எடுக்கலை. சாவி என்கிட்டதான். மாத்துச் சாவி முதலாளி அறையில தொங்குது, அதை யாரும் தொடமாட்டாங்க. நான்தான் ஜாடி மாறி எண்ணெயை மஞ்சள் தைலத்துல ஊத்திட்டேன்னு மேனேஜர் சத்தம் போடறார். சாயங்காலம் சுகாதார ஆய்வாளர் வர்றார். அவர்கிட்ட என் பேரைக் கொடுத்துட்டா, அப்புறம் எந்த மருந்துக் கூடத்துலயும் என்னை வாசல் கூட்டக்கூடச் சேர்க்கமாட்டாங்க.”

“முதலாளி என்ன சொன்னார்?”

“ஒண்ணுமே சொல்லலை. தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.”

அண்ணி செருப்பைத் தேடினாள். அவளுக்கு ஒரு வழக்கு பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

*

தைலக் கூடத்துக்குள் நுழைந்ததும் வியர்வை கண்ணை மறைத்தது. நாலு பெரிய அண்டாக்களில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. துடுப்பு போடுகிறவர்கள் பனியனோடு நின்றார்கள். ஒரு ஓரத்தில் கால் மேல் கால் போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். வரிசையாக நின்ற பாட்டில்களுக்குத் தக்கை அடைத்து, தக்கையின் மேல் வெள்ளை நூலைக் குறுக்கே போட்டுச் சின்னதாக முடிச்சுப் போட்டார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விடுவதில்லையாம். மற்றவர்கள் கட்டினால் முடிச்சு தளர்ந்துவிடுகிறதாம்.

அந்தக் கொதிக்கிற அறையில் அவர் சட்டைக்குக் கழுத்துப் பித்தான் வரை மாட்டி, அதன் மேல் ஒரு துண்டையும் சுற்றியிருந்தார்.

“சாருக்குக் குளிருதா?” என்றான் ரேடியோ.

“தொண்டை சரியில்லை,” என்றார் முதலாளி. குரல் கணீரென்று இருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கூடத்தில் எல்லாரும் அவரை மச்சான் என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபட மட்டும் மேனேஜர். புதிதாக மழித்த முகம். அதில் பவுடர் வாசனை.

“துப்பறியற அம்மாவா? இதுல துப்பறிய என்ன இருக்கு? சாவி இவகிட்ட. எண்ணெய் இல்லை. ஊர்ல மூணு பேர் கழுத்து வெந்துபோச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிடும். என்ன மாமா, நான் சொல்றது?”

முதலாளி ஒரு தக்கையை அடித்தார். 

“இந்த மூணு பேர் வாங்கின பாட்டில்ல மிச்சம் இருக்கற தைலத்தைச் சோதிச்சீங்களா?” என்று அண்ணி கெமிஸ்டைக் கேட்டாள்.

“சோதிச்சேன். கார்போகரிசி இல்லவே இல்லை. ஆனா சோதிச்சது நான். அதனால அது செல்லாதாம்.”

“திருடனே தன் வீட்டைச் சோதனை போட்டா என்ன கிடைக்கும்?” என்றார் மச்சான்.

“பரவாயில்லை,” என்றாள் அண்ணி. “பாட்டிலை விட்டுடுவோம். கழுத்தைப் பார்ப்போம்.”

*

போலீஸ்காரர் வீட்டில் லீவில் இருந்தார். வாசலைப் பார்க்கிற மாதிரி நாற்காலி போட்டு, கழுத்தை நீட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணி வந்த காரணத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பொங்கியது.

“வாங்க, நல்லாப் பாருங்க. வெயில்ல நாலு ரோடு சந்திக்கற இடத்துல நிக்கறவன் நான். என் கழுத்தையே கறுக்க வச்சுட்டாங்க.”

“மஞ்சள் தைலத்தைக் கழுத்துலயா போட்டீங்க?”

“கழுத்துலயா? இல்லையே. முழங்கையிலதான் அரிப்பு. முழங்கையில போட்டேன்.”

அண்ணியும் ரேடியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முழங்கையில போட்டது எப்படி சார் கழுத்துக்கு வந்தது?”

“அதான் விஷயமே! மருந்து உள்ளே இறங்கி, எலும்பு வழியா மேலே ஏறி, கழுத்துல வெளியே வந்திருக்கு.”

“எலும்புக்குள்ள நிறுத்தி விசாரிக்க ஒரு ட்ராஃபிக் போலீஸ் இல்லையே சார்,” என்றான் ரேடியோ.

அந்த நேரம் பின்கட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. “ஐயோ, இங்க வந்து பாருங்களேன்!” போலீஸ்காரர் மனைவியின் குரல். மூவரும் ஓடினார்கள்.

சோப்பு நுரை ததும்பும் வாளியில் ஒரு வெள்ளைச் சீருடைச் சட்டை கிடந்தது. அதன் கையில் இரத்தச் சிவப்பாக ஒரு பெரிய கறை.

“ரத்தம்!” என்றான் ரேடியோ. அவன் முகம் பேயறைந்தது போல் ஆனது. “சார், யாரையாவது அடிச்சுட்டீங்களா?”

“நான் சல்யூட் அடிக்கறதோட சரி!”

“வாளியில போடும்போது மஞ்சக்கறையாத்தான் இருந்தது,” என்றாள் அந்தம்மா மூச்சிரைக்க. “சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சிவக்குது. இவரு எங்கயோ என்னவோ பண்ணிட்டு வந்திருக்காரு!”

“வீட்டுல வினிகர் இருக்கா?” என்றாள் அண்ணி.

ஊறுகாய் போட வைத்திருந்த வினிகர் வந்தது. அண்ணி சட்டையைப் பிழிந்து கறையின் மேல் கொஞ்சம் ஊற்றினாள். சிவப்பு கண் முன்னாலேயே வடிந்து, பழையபடி சாதுவான மஞ்சளாகிவிட்டது.

“மஞ்சளுக்குச் சோப்பைக் கண்டா கோபம், புளிப்பைக் கண்டா சமாதானம்,” என்றாள். “உங்க வீட்டுக்காரர் நல்லவர்தாம்மா.”

“அதை நான் முடிவு பண்ணிக்கறேன்,” என்றாள் அந்தம்மா.

அண்ணி மறுபடி சட்டையை வாளிக்குள் முக்கினாள். முழங்கை மீண்டும் சிவந்தது. இப்போது காலரைப் பிரித்துப் பார்த்தாள். லாரிப் புகை படிந்து காலர் கறுப்பாக இருந்தது. ஆனால் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. சோப்பை எடுத்து அதையே அழுத்தித் தேய்த்தாள். ஒரு நூல்கூடச் சிவக்கவில்லை.

“தைலம் முழங்கைக்கு மட்டும்தான் போயிருக்கு. கழுத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.”

“அப்போ எலும்பு?” என்றார் போலீஸ்காரர் ஏமாற்றத்தோடு.

“எலும்பு நிரபராதி. கொஞ்சம் குனியுங்க.”

அவர் குனிந்தார். பிடரியின் இடது பக்கம் நாலு கறுத்த பட்டைகள். வலது பக்கம் ஒன்று, கொஞ்சம் தடிப்பாக. ஊற்றின எண்ணெயோ வழிந்த தைலமோ இப்படி வரிசையாக நிற்காது. ஒரு பெரிய கை பிடரியை அப்படியே பிடித்திருந்தது.

“அண்ணி,” ரேடியோ கிசுகிசுத்தான், ஆனால் அவன் கிசுகிசுப்பு அடுத்த வீட்டுக்கும் கேட்கும். “யாரோ சாரைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருக்காங்க. வீட்டுக்குள்ளயே இருக்கற ஆளா இருக்கலாம்.”

வாளியிலிருந்து ஒரு கை சோப்புத் தண்ணீர் அவன் முகத்தில் விழுந்தது. போலீஸ்காரர் மனைவிக்குக் குறி தப்புவதில்லை.

*

தெருமுனையில் ரேடியோ குனிந்து, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின்னால் வந்த அண்ணி சட்டென்று நின்றாள்.

“அப்படியே இரு. நிமிராதே.”

“கண்ணு எரியுது அண்ணி.”

“எரியட்டும். நீ மஞ்சள் தைலம் வாங்கினியா?”

“நானா? சும்மா கொடுத்தா வாங்கிப்பேன். இதுவரைக்கும் யாரும் கொடுக்கலை. ஏன்?”

அண்ணி தன் போனில் அவன் பிடரியைப் படமெடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். இடது பக்கம் நாலு, வலது பக்கம் ஒன்று. இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை, செங்கல் நிறத்தில் தடித்திருந்தது.

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி நடந்ததாக அண்ணிக்கு நினைவில்லை.

“ஊரெல்லாம் செருப்புத் தேய அலையறோம்,” என்றாள் அண்ணி. “துப்பு நம்ம ஆபீஸ்ல உட்கார்ந்து காலையிலேர்ந்து சொறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அதை நான் குளிச்சியான்னு கேட்டிருக்கேன்!”

“தைலமே போடாத எனக்கு எப்படி அண்ணி?”

“அதான் கேள்வி. தைலம் வாங்கினவங்கதான் புகார் கொடுத்தாங்க. வாங்காத உனக்குப் புகார் கொடுக்கணும்னே தோணலை. எல்லாரும் கடைசியா எதைத் தொட்டாங்களோ அது மேல பழியைப் போட்டுட்டாங்க. இது சுட்டு ரெண்டு நாள் கழிச்சு எரியற சரக்கு. முன்னாலேயே ஒரு கை தொட்டிருக்கு. உன் கழுத்தைக் கடைசியா யார் தொட்டது?”

“நெரிக்கணும்னு நினைச்சவங்க நிறைய பேர். நிஜமாத் தொட்டது…” ரேடியோ யோசித்தான். “சலூன் அண்ணன்தான். முடி வெட்டினதும் பிடரியைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குவாரு பாருங்க, சொர்க்கம் தெரியும்.”

அண்ணி கொத்தனாருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் போன் போட்டாள். இருவருக்கும் அதே சலூன்தான், அதே சொர்க்கம்தான்.

*

சலூன் ஒரு சந்துக்குள் இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத கடை, பகலிலும் விளக்கு. முன்னால் ஒரு நாற்காலி. பின்னால் ஒரு பூப்போட்ட திரை, அதற்குப் பின்னால் இன்னொரு நாற்காலி, அதையொட்டிப் பின்வாசல்.

அண்ணி கையை நீட்டச் சொன்னதும் சலூன்காரர் நீட்டினார். துடுப்பு மாதிரி அகலமான கைகள். ரேடியோவின் பிடரிமேல் அண்ணி அந்தக் கையை மெல்ல வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

“என்னம்மா பண்றீங்க? நான் யாரையும் கொல்லலை!” என்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“கொஞ்சமா வேக வச்சிருக்கீங்க. உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை. காலையில இருட்டோட வந்து, சாயங்காலம் இருட்டினதும் போறவர் நீங்க. உங்க கை வெயிலைப் பார்க்கறதே இல்லை. ஆனா நீங்க தொட்ட கழுத்தெல்லாம் வெளியில போய் வெயில்ல நிக்குது. என்ன எண்ணெய் தடவறீங்க?”

“எண்ணெயே தடவறதில்லையே. வெறும் கைதான்.”

“அப்போ எல்லார் கழுத்தும் வெந்திருக்கணும். வேகலை. இடையில ஒருத்தர், இடையில ஒருத்தர்னு நாலு பேருக்குத்தான். அந்த நாலு பேருக்கு முன்னால உங்க கை எங்க இருந்தது?”

சலூன்காரர் கத்தரிக்கோலை எடுத்து வெற்றுக் காற்றை இரண்டு முறை வெட்டினார்.

“அண்ணி!” ரேடியோ துள்ளினான். “நான் வந்தப்போ திரைக்குப் பின்னால ஒருத்தர் இருந்தாரு. நான் அவர்கிட்ட மழையைப் பத்திப் பேசினேன், ரோட்டைப் பத்திப் பேசினேன், எங்க அண்ணனைப் பத்திப் பேசினேன். ஒரு ‘உம்’ வரலை. என் பேச்சுக்கு ‘உம்’ போடாம ஒரு மனுஷன் இருக்கான்னா, உசிரு போற ரகசியம் ஏதோ வச்சிருக்கான்னு அப்பவே நினைச்சேன்.”

சலூன்காரர் பெருமூச்சு விட்டு, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“வாரம் ஒரு தடவை வருவாரும்மா. பின்வாசல் வழியா வந்து, பின்வாசல் வழியாப் போயிடுவாரு. பிடரி தன் கண்ணுக்குத் தெரியாது, தானே அளவாத் தடவிக்க முடியாது. வீட்டுலயும் யாருக்கும் தெரியக்கூடாதாம். அவர் கொண்டு வந்த எண்ணெயை நான் தடவி விடுவேன், பாட்டிலை அவரே மூடி வச்சுட்டுப் போவாரு. அப்புறம் கையைத் துண்டுல நல்லாத் துடைச்சுட்டுத்தான் அடுத்த ஆளைத் தொடுவேன்.”

“அந்த எண்ணெய் துண்டுக்குப் போகாது. சோப்பு போட்டுக் கழுவணும்.”

“என் கையா அது?” சலூன்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை பேர் இந்தக் கையை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க…”  திடீரென்று நிமிர்ந்தார். “ஐயையோ! இன்னைக்குக் காலையிலயும் வந்தாரே!”

“அவருக்கு அடுத்து யார் உட்கார்ந்தது?”

“தைலக் கூடத்து மேனேஜர்.”

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வந்தவர் பேரை மட்டும் கேட்காதீங்கம்மா,” என்றார் சலூன்காரர். “இந்த நாற்காலியில உட்கார்ந்து சொன்னது எதையும் நான் வெளியில விட்டதில்லை. செத்தாலும் சொல்லமாட்டேன்.”

“கேட்கலை. பாட்டிலை மட்டும் கொடுங்க.”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பாட்டில் வந்தது. லேபிள் இல்லை. அண்ணி அதைத் திறக்கவில்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை. தக்கையின் மேல் குறுக்கே போட்டிருந்த வெள்ளை நூலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பேரைக் கேட்டிருக்கலாம் அண்ணி,” என்று வெளியே வந்ததும் முணுமுணுத்தான் ரேடியோ.

“கேட்டிருந்தா அவர் சொல்லாம இருந்திருப்பார். கேட்காம விட்டதுல அவருக்கும் மரியாதை, நமக்கும் நேரம் மிச்சம். நீ முதல்ல கழுத்துல துண்டைப் போடு.”

*

ஆய்வாளர் தைலக் கூடத்துக்கு முன்கூட்டியே வந்து, குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவர் எதிரே கெமிஸ்ட் நின்றிருந்தாள். மேலங்கியை மறுபடி போட்டு, எல்லாப் பித்தானையும் மாட்டியிருந்தாள், போகிறபோது மரியாதையாகப் போக வேண்டும் என்பது போல.

அண்ணி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். சோப்பில் சிவந்த முழங்கை, சிவக்காத காலர், ஐந்து விரல், தைலமே போடாத ரேடியோ, சலூன், அடுத்தடுத்த நாற்காலிகள். இந்த வாரம் நாற்காலி யாருடையது என்பதையும் சொன்னாள்.

மச்சானின் கை தானாகத் தன் பிடரிக்குப் போனது. “நான் காலையிலேர்ந்து முற்றத்துல வெயில்லதானே நின்னுட்டிருந்தேன்!”

“ரெண்டு நாள் பொறுங்க சார்,” என்றான் ரேடியோ அன்பாக. “நாம ஒரே குடும்பம் ஆயிடுவோம். ஒரே முத்திரை.”

மச்சான் குழாயடிக்கு ஓடினார். சோப்பைத் தேய்க்கிற சத்தம் அங்கிருந்து கேட்டது.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. “தைலத்துல குற்றம் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த எண்ணெய் இந்த அலமாரியிலேர்ந்துதான் போயிருக்கு. சாவி இந்தம்மாகிட்ட. வெளியாளுக்கு இவங்க திருட்டுத்தனமா கொடுத்திருக்காங்கன்னுதான் நான் எழுத முடியும். இல்லைன்னா அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க.”

“தெரியும்,” என்றாள் அண்ணி. “சொல்லமாட்டேன்.”

“அண்ணி!” என்றான் ரேடியோ.

“வெண்புள்ளி ஒரு நிறம். ஒட்டிக்கற வியாதியும் இல்லை, யாரும் செஞ்ச குற்றமும் இல்லை. அதை இன்னொருத்தர் பேரோட நான் போட்டு உடைக்கமாட்டேன். அதுக்கு உரிமை இருக்கறவர் ஒரே ஒருத்தர்தான்.” அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள், நூல் கட்டிய தக்கை எல்லாருக்கும் தெரியும்படி.

துடுப்புக்காரர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். அந்த முடிச்சை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.  ஒருவர் அண்டாவைக் கிண்டப் போவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கெமிஸ்டும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது, பிறகு கிடுகிடுவெனச் சிவந்தது.

ஆய்வாளர் பேனாவைத் தாளில் வைத்தார். “அப்போ இந்தம்மா பேரையே எழுதறேன்.”

“எழுதாதீங்க.”

முதலாளி எழுந்தார். துண்டை எடுத்தார். கழுத்துப் பித்தானைக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது. அத்தனை முடிச்சுப் போட்ட விரல்களுக்கு ஒரு பித்தான் பிடிகொடுக்கவில்லை. காலரை மடித்துவிட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினார். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை. அதன் ஓரங்களில், அங்கங்கே சிந்தினது போல், பழுப்பு நிறப் புள்ளிகள் திரும்ப முளைத்திருந்தன.

“வெளியில பெரிய பலகை மாட்டி வச்சிருக்கேன், தோலுக்கு மருந்துன்னு,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “இதைப் பார்த்தா யார் உள்ளே வருவாங்க? மாத்துச் சாவி போட்டு எடுத்தது நான்தான். சலூன்ல அடுத்தவங்களுக்கு இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஜாடியில எண்ணெய் ஏன் குறைஞ்சதுன்னு தெரியும். தெரிஞ்சும் நேத்து இந்தப் பொண்ணு எல்லார் முன்னாலயும் அழுதப்போ வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

அவர் திரும்பி கெமிஸ்டைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. இரண்டு அடி பின்வாங்கி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கிவிட்டார்.

ஆய்வாளர் எழுதியதை அடித்தார். ரேடியோ வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். “அண்ணி, மனுஷன் காலரை ஏத்தாமலேயே போறாரு. காலையில தடவின எண்ணெய் இன்னும் பளபளன்னு இருக்கு. வெயில் நேரா அதுமேலதான்.”

எல்லார் கண்களும் கெமிஸ்டிடம் போயின. அவள் திட்டுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் திட்டினால் தப்பில்லை என்று எல்லாருமே நினைத்தார்கள்.

“ஏதாவது சொல்லும்மா,” என்றார் ஈரத் தலையோடு குழாயடியிலிருந்து வந்த மச்சான். “ரெண்டு வார்த்தை கேட்டுடு. என் மாமாதான், பரவாயில்லை.”

அவள் மூலைக்குப் போனாள். சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்தாள். ஆய்வாளர், “அது என்னோட…” என்று ஆரம்பித்தார். அண்ணி கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார்.

கெமிஸ்ட் வாசலில் நின்று குடையை விரித்தாள். தெருக்கோடியில் குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்த வெள்ளைப் பிடரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு படியிறங்கி, அந்தப் பக்கமே வேகமாக நடந்தாள்.